நகரின் ஓரத்தில் ஒரு காடு

தில்லியில் வாழும் தமிழர்களில் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரை அறியாதார் அரியர். 1973ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட அந்தச் சுவாமிநாதன் கோயில், ஒரு சிறு குன்றின்மேல் அமைந்திருக்கிறது. படியேறிச் சென்று வழிபடுவோரில் பலர், சமவெளியின் நடுவே தற்செயலாய்க் கிடந்த ஒரு கற்குன்று அது என்றே எண்ணக்கூடும். அஃது அவ்வாறன்று. குஜராத்தில் தொடங்கி, இராஜஸ்தானை ஊடறுத்து, அரியானாவின் வழியே தில்லியில் வந்து தேய்ந்து மறையும் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடிச் சிதறல்களுள் அக்குன்றும் ஒன்று. ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தொடர், இமயமலையைக் காட்டிலும் பன்மடங்கு பழமையானது. பொதிகையும் கொல்லியும் போல ஓங்கி நில்லாமையால், இது மலை என்பதையே தலைநகரவாசிகள் மறந்துவிடுகின்றனர்.

அந்த மலையின் ஒரு பகுதியில், குருகிராம் நகரத்தை ஒட்டி, சென்ற பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் பொதுமக்களின் முயற்சியால் மீண்டும் தழைத்திருக்கும் ஒரு சிறு காட்டைப் பற்றியே நாம் இங்கே கூற எண்ணுகிறோம். அதற்கு ஆரவல்லி உயிரினப் பன்மைப் பூங்கா என்று பெயர். இதே பெயருடைய வேறொரு பூங்கா தில்லியின் வசந்த விகாருக்கு அருகிலும் உண்டு. நாம் சொல்வது குருகிராமத்தில், குரு துரோணாச்சாரியார் மெட்ரோ நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் இருப்பது. வேலை தேடி வடக்கே வந்து அந்நகரத்து அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர் ஆயிரக்கணக்கானோர். தம் வாயிற்படிக்கு அருகே இருக்கும் இக்காட்டைப் பற்றி அவர்கள் அறிந்திருத்தல் நலம். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கும் இதில் கற்கத்தக்க செய்திகள் பல உள்ளன.

இவ்விடம் ஏறத்தாழ 390 ஏக்கர் பரப்புள்ளது. முன்னாளில் இங்குக் கல் வெட்டி எடுத்தனர். ஆரவல்லியின் பாறை குவார்ட்சைட் எனப்படும் கடினமான வகையைச் சேர்ந்தது. கட்டடத்துக்கும் சாலைக்கும் ஏற்றது. வானளாவிய மாளிகைகள் எழுந்தபோது, அவற்றுக்கு வேண்டிய சல்லியும் கல்லும் அருகிலுள்ள குன்றுகளிலிருந்தே சென்றன. நகரம் மேலே எழ எழ, குன்று கீழே தாழ்ந்தது. இதனால் நிலத்தடி நீர் வற்றுவதையும் மலை அழிவதையும் கருதிய உச்சநீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலும், பின்னர் 2009ஆம் ஆண்டிலும் இப்பகுதியில் சுரங்கத் தொழிலுக்குத் தடை விதித்தது. கல் உடைத்தோர் சென்றுவிட்டனர். பள்ளங்களும், கற்பொடியும், எங்கும் பரந்த முட்புதர்களும் எஞ்சின.

அம்முட்புதர் வேறெதுவுமன்று, நமக்கு நன்கு பழக்கமான சீமைக் கருவேலே. வடநாட்டார் அதனை விலாயதி கீகர் என்பர். விலாயதி என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்றே: கடல் கடந்து வந்தது. மெக்சிக்கோவையும் அதனை அடுத்த அமெரிக்க நாடுகளையும் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஆட்சியினர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் விறகு தரவும் ஏற்றதென்று அவர்கள் கருதினர். அது பொய்யும் அன்று. இராமநாதபுரத்து ஏழைக் குடும்பங்களில் எத்தனையோ அடுப்புகள் அதன் விறகாலும் கரியாலும் எரிந்தன. ஆயினும், விட்ட இடத்தில் நில்லாமல் கண்மாயிலும் வயலிலும் புகுந்து, வேறு எதையும் வளரவிடாமல் நிலத்தைக் கைப்பற்றிக்கொள்வது அதன் இயல்பு. தமிழ்நாட்டில் இவ்வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 2017ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணையிட்டதை நேயர்கள் பலர் நினைவிற் கொண்டிருப்பர்.

தில்லியைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் நேர்ந்தது இதுவே. தொலைவிலிருந்து நோக்குவோர்க்குக் குன்று பச்சையாகத்தான் தோன்றும். உள்ளே சென்று பார்த்தால் ஒரே மரம். அதன் அடியில் வெறுந்தரை. புல்லில்லை, பூவில்லை, அவற்றை நாடி வரும் வண்டும் பறவையும் மிகக் குறைவு. பச்சையாக இருப்பதெல்லாம் காடாகிவிடாது என்னும் உண்மையை இந்நிலம் தெளிவாகக் காட்டியது.

2008ஆம் ஆண்டில் அங்கு நகராட்சி மன்றம் ஏற்பட்டது. நகரத்துக் குடிமக்கள் சிலர் ஒன்றுகூடி, இந்நிலத்தைக் காடாக்கித் தருவதாக முன்வந்தனர். நகராட்சியும் இசைந்தது. 2010ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, பணி தொடங்கிற்று. அன்றிலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலத்தில் பள்ளி மாணவர்களும், நிறுவனங்களின் பணியாளரும், அக்கம்பக்கத்துக் குடும்பத்தினரும் வந்து கன்று நட்டனர். நட்ட கன்றுகள் இலட்சத்தைத் தாண்டின. தொழில் நிறுவனங்கள் இத்தனை ஏக்கர் எங்கள் பொறுப்பு என்று ஏற்றுப் பொருள் உதவின. சர்க்கார் நிலம் தந்தது. நிறுவனங்கள் பொருள் தந்தன. மக்கள் உழைப்புத் தந்தனர். இம்மூன்றும் சேர்ந்தமையால்தான் இதனைச் சமுதாயக் காடு என்று நாம் அழைக்கிறோம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழும் பழங்குடியினர்க்கும் ஊரார்க்கும் அளிக்கும் சமுதாய வன உரிமை வேறு. அதனையும் இதனையும் ஒன்றாகக் கருதலாகாது.

மரம் நடுவது எங்கும் நடக்கும் காரியந்தானே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். என்ன மரம் நட்டனர் என்பதில்தான் புதுமை இருக்கிறது. விரைவில் நிழல் தரும் மரங்களையும், கண்ணைக் கவரும் பூச்செடிகளையும் அவர்கள் நாடவில்லை. ஆரவல்லிக்கே உரிய மரங்கள் எவை என்று தேடினர். ஆனால் தேடுவது எங்கே? சுற்றிலும் சீமைக் கருவேல் மூடிக்கிடக்க, ஆதியில் இம்மலை எவ்வாறு இருந்தது என்று யார் சொல்வது?

அதற்கு விடை, குருகிராமத்துக்கும் பரீதாபாத்துக்கும் இடையேயுள்ள மாங்கர் பனி என்னும் பள்ளத்தாக்கில் கிடைத்தது. அது ஒரு தெய்வக் காடு. குதரியாதாஸ் பாபா என்னும் பெரியவருக்கு உரிய இடம் அதுவென்றும், அங்கே கிளை ஒடிப்போர்க்குத் தீங்கு நேருமென்றும் சுற்றுப்புறத்துக் குஜ்ஜர் குடியினர் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்தனர். அந்நம்பிக்கை காத்த காடு இன்றும் நிற்கிறது. நம் நாட்டில் ஐயனார்க்கும் அம்மனுக்கும் விடப்பட்ட கோயிற்காடுகளை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. கோடரி நுழையாத அந்தக் காட்டைப் பார்த்தே, எம்மரம் பாறையில் நிற்கும், எம்மரம் ஓடைக்கரையை விரும்பும், எப்புல் எந்நிழலில் தழைக்கும் என்று பூங்காவை அமைத்தோர் பாடம் கற்றனர்.

இனி, அம்மரங்கள் யாவை என்று பார்ப்போம். சரிவுகளில் நிற்பது தௌ என்னும் மரம். ஆரவல்லியின் தலைமகன் என்று இதனைக் கூறலாம். மண் என்று சொல்லத்தக்கது ஒரு பிடியும் இல்லாத பாறைப் பிளவில் வேரூன்றி நிற்கும். ஆடுமாடு மேய்ந்தாலும் அழிந்துபோகாது. தரையோடு தரையாகப் பாய் விரித்தாற்போலப் படர்ந்து காத்திருந்து, மேய்ச்சல் நின்றவுடன் தலைதூக்கும். குளிர்காலத்தில் இதன் இலைகள் செம்பு நிறம் கொள்ளும். ஆயினும் இதன் விதைகளில் மிகச் சிலவே முளைக்கும். ஆகையால் நாற்றங்காலில் இதனைக் கன்றாக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. குன்றின் முகட்டில் நிற்பது சாலை மரம். கீறினால் நறுமணப் பிசின் கசியும். குந்திரிக்கம் தரும் மரங்களின் இனத்தைச் சேர்ந்தது இது.

தாழ்ந்த நிலத்தில் நிற்பது டாக் அல்லது பலாஷ். மாசி பங்குனியில் இலை உதிர்த்துவிட்டு, கிளையெல்லாம் தீப்பற்றினாற்போலச் செம்மஞ்சள் நிறத்தில் பூத்துக் குலுங்கும். ஹோலிப் பண்டிகையில் இப்பூவைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுப்பது வடநாட்டு வழக்கம். இது நமக்கு அயலான மரமன்று. நாம் புரசு என்றும் பலாசு என்றும் வழங்குவது இதனையே. சென்னைப் புரசைவாக்கம் இம்மரத்தால் பெயர் பெற்றது என்பர். நீர் தங்கும் பள்ளங்களில் கைம் என்னும் மரம் உண்டு, தமிழில் நீர்க்கடம்பு. கடம்பு முருகனுக்கு உரியது என்பதை நாம் அறிவோம். அதன் உறவினர் ஒருவர் மலை மந்திர் நிற்கும் அதே மலைத்தொடரில் குடியிருப்பதை அறிந்தோர் சிலரே. பர்ணா என்பது நம் மாவிலங்கம். ரோஞ்ச் என்பது நம் வெள்வேல். மொழி மாறியதேயன்றி மரம் மாறவில்லை.

இவ்வாறு ஒவ்வொரு மரத்துக்கும் உரிய இடம் உண்டு என்பதை உணர்ந்து, முகடு, சரிவு, சமநிலம், பள்ளம் என்று நிலத்தைப் பகுத்து நட்டனர். சீமைக் கருவேலை ஒரே நாளில் வெட்டி வீழ்த்திவிடவும் இல்லை. அதில் கூடு கட்டி வாழும் பறவைகள் உண்டு. அதன் வேர் பிடித்துவைத்திருக்கும் மண்ணும் உண்டு. ஆகவே இங்கொரு பகுதி, அங்கொரு பகுதியாக அகற்றி, அவ்விடத்தில் உள்நாட்டு மரம் நட்டு, அது நிலைத்தபின் அடுத்த பகுதிக்குச் சென்றனர். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தொடும் ஊர் அது. முதல் சில கோடைகளுக்கு மட்டும் கன்றுகளுக்கு நீர் வார்த்து, பின்னர் மழையை நம்பி விட்டுவிட வேண்டும். என்றென்றும் குழாய் நீரில் வாழ்வது தோட்டம். தன் காலில் நிற்பதே காடு.

இதன் பயன் என்ன? முதலாவது, நீர். ஆரவல்லிப் பாறையில் வெடிப்புகள் மிகுதி. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். வெறும் பாறையில் விழும் மழை ஓடிச் சாலையில் தேங்கும். குருகிராமத்தார் மழைநாளில் படும் அவதி நாடறிந்தது. வேரும், சருகும், புல்லும் உள்ள நிலத்தில் விழும் மழையோ வேகம் தணிந்து, வெடிப்புகளின் வழியே நிலத்தின் ஆழத்தைச் சென்றடையும். பாழ்நிலம் ஊரை நனைக்கிறது. காடு ஊரின் கிணற்றை நிரப்புகிறது.

இரண்டாவது, உயிரினங்கள். இப்பூங்காவில் 150க்கும் மேற்பட்ட பறவை வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. கௌதாரி, மயில், முயல், கீரி, நரி, நீல்காய் என்னும் மான்மாடு ஆகியவை இங்கே திரிகின்றன. மூன்றாவது, மக்களின் நலம். குளிர்காலத்தில் தில்லிப் புறநகரின் காற்று எத்தகையது என்பதை அங்கு வாழ்வோர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிறு காடு அக்கேட்டை முற்றும் போக்கிவிடாது. ஆயினும், புழுதியைத் தாங்கிக்கொள்ளவும், கோடை வெப்பத்தைச் சற்றே தணிக்கவும், நடைபயில ஓரிடம் தரவும் அதனால் இயலும். பழைய கல்குழி ஒன்று இன்று மக்கள் அமர்ந்து கலைநிகழ்ச்சி காணும் திறந்தவெளி அரங்கமாகியிருக்கிறது. நடைபாதைகள் உள்ளன. நுழைந்த சில நிமிடங்களில் மோட்டார் ஒலி தேய்ந்துபோகிறது.

ஆனால், பொழுதுபோக்கும் பாதுகாப்பும் எப்போதும் ஒத்துச் செல்வன அல்ல. மக்கள் வாராத காட்டுக்கு மக்களிடையே பரிந்து பேசுவார் இலர். மக்கள் மிகுதியாக வந்தாலோ, காடு காடாக இராது. இந்த இக்கட்டைப் பெங்களூரில் வாழும் தமிழர்கள் கண்கூடாகக் கண்டனர். அந்நகரின் தென்புறத்திலுள்ள துரஹள்ளிக் காட்டில், நடைபாதை முதலிய வசதிகளுடன் மரப்பூங்கா அமைக்க 2021ஆம் ஆண்டில் திட்டம் வகுத்தபோது, அங்கு நடந்து பழகிய பொதுமக்களே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். எங்களுக்கு வசதி வேண்டா, காடு வேண்டும் என்பது அவர்கள் கூற்றின் சாரம். வசதி என்பது எங்கே நிற்க வேண்டும் என்று பயன்படுத்துவோரே வரையறுத்தது பாராட்டத்தக்கது.

மும்பையில் வாழ்வோர்க்கு இன்னும் அணித்தான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தாராவியை நம் மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றோர் தலைமுறைகளாக வாழும் இடம் அது. அதன் ஓரத்தில், மித்தி ஆற்றங்கரையில், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா 37 ஏக்கரில் அமைந்திருக்கிறது. 1970களின் பிற்பகுதி வரை அது நகரத்துக் குப்பைமேடு. 1983ஆம் ஆண்டில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அங்கே மரம் நட்டார். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குப்பையின்மேல் மண் பரப்பி வளர்த்த மரங்கள் இன்று அடர்ந்து நிற்கின்றன. மூச்சுவிட இடமில்லாத குடியிருப்பின் அருகே முப்பத்தேழு ஏக்கர் மரநிழல் என்பது எத்துணைப் பெரிய செல்வம் என்பதைத் தாராவித் தமிழரே நன்கு உரைக்க வல்லார்.

மீண்டும் குருகிராமத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டில் இக்காட்டுக்கு ஓர் ஆபத்து எதிர்ப்பட்டது. குருகிராமத்தையும் தில்லியின் வசந்த குஞ்சுப் பகுதியையும் இணைக்கும் அகன்ற நெடுஞ்சாலை ஒன்றை இதன் ஊடே அமைக்க யோசனை எழுந்தது. சாலை வேண்டா என்று எவரும் சொல்லார்; நாள்தோறும் நெரிசலில் சிக்குவோர் அந்நகரத்தாரே. எனினும், தம் கையால் நட்ட கன்று மரமாகி நிற்பதைக் கண்டவர்கள் வாளாவிருக்கவில்லை. குழந்தைகளும் முதியோரும் வரிசையாக நின்று தம் எதிர்ப்பை அமைதியான முறையில் தெரிவித்தனர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், இப்பூங்காவுக்கு நாட்டிலேயே முதன்முறையாக ஒரு தகுதி அளிக்கப்பட்டது. தேசியப் பூங்கா, சரணாலயம் முதலிய வரையறைக்குள் வாராவிடினும், உயிரினங்களை நெடுங்காலம் காக்கவல்ல இடம் என்பது அதன் பொருள். உலக நாடுகள் ஒப்புக்கொண்ட வகை அது. பெருமைக்குரியதே, ஆயினும், அத்தகுதி தன்னளவில் ஒரு சட்டக் காவல் அன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. சட்டத்தின் துணை குறைந்த இடத்தில் மக்களின் பழக்கமே வேலியாக நிற்க வேண்டும்.

இங்கேதான் வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு ஒரு வினா எழுகிறது. பிழைப்புக்காக வந்த ஊர் இது. இதன் மலையும் மரமும் நமக்கு எதற்கு என்று எண்ணுவோர் உண்டு. நம் ஊர்க் குளமும் தோப்பும் கைவிட்டுப்போனதற்கு வருந்தும் நாம், வாழும் ஊரின் குன்று அழிவதைச் செய்தியாக மட்டும் படித்துக் கடந்துவிடுகிறோம். சீமைக் கருவேலும் வெளியிலிருந்து வந்ததே, நாமும் வெளியிலிருந்து வந்தவர்களே என்று விளையாட்டாகக் கூறுவாரும் இருக்கலாம். மரத்துக்கு நிலம் பிறப்பால் உரியது. அஃது ஓரிடத்துக்கு ஏற்றதாகப் பன்னூறாயிரம் ஆண்டுகளில் அமைந்தது. மனிதர்க்கோ, நிலம் பேணுவதால் உரியதாகிறது. குருகிராமத்துக் காட்டை உருவாக்கியோரில் மிகப் பலர் வேறு வேறு மாநிலங்களிலிருந்து குடியேறியவர்களே. அந்நகரத்தில் பெரும்பாலோர் வந்தேறியவர் எனின், அம்மலையைக் காத்தவரும் வந்தேறியவரே.

ஆகவே, அருகில் இத்தகைய காடு உள்ளோர், விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துச் செல்க. ஆவணியில் மழைக்குப் பின் சென்றால் பசுமையைக் காணலாம். மார்கழியில் தௌ மரத்தின் செம்பு நிறத்தையும், மாசி பங்குனியில் புரசின் பூவையும் காணலாம். மரத்தின் பெயரை அவ்வூர் மொழியிலும் தமிழிலும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு ஊருக்கும் பிள்ளை உரியதாகும். பாதையை விட்டு விலகாதீர்கள். பாட்டுப் பெட்டி வேண்டா. குரங்குக்கும் மயிலுக்கும் உணவிடுவது புண்ணியமென்று கருதி அவற்றின் இயல்பைக் கெடுக்காதீர்கள். வளர்ப்பு நாயைக் கட்டவிழ்த்துவிடாதீர்கள். தின்பண்டத் தாளையும் நெகிழிப் பையையும் கொண்டுசென்றவரே திரும்பக் கொண்டுவருக. உதிர்ந்த சருகைக் குப்பையென்று எண்ணற்க. நாளைய மண் அதுவே.

இயன்றோர் மழைக்காலத்தில் ஒரு நாள் நடவுக்குச் செல்லலாம். அதனினும் சிறந்தது, நட்ட கன்றை அடுத்த கோடையில் போய்ப் பார்ப்பது. தமிழ்ச் சங்கங்கள் பொங்கலையும் கலைவிழாவையும் சிறப்புறக் கொண்டாடுகின்றன. அவற்றோடு, தாம் வாழும் நகரத்துக் குன்றில் ஓர் ஏக்கர் நிலத்தையேனும் பேணும் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், அவ்வூரார் நடுவில் நம் மக்களுக்கு நன்மதிப்பு உயரும். நட்ட ஆண்டில் எவரும் வருவர். மூன்றாம் கோடையில் குடத்துடன் வருபவரே காட்டுக்கு உறவினர்.